வேணாம் என்று சொன்னவள்

காலை பத்தரை மணிக்குள் இஃப்ராவின் கைபேசி மூன்று முறை ஒலித்துவிட்டது. முதலில் கேஸ் சிலிண்டர் வந்தது. தூக்கி வந்தவர் வாசலில் நின்று, கைபேசிக்கு வந்த குறியெண்ணைக் கேட்டார். அவள் ஆரி ஊசியைத் துணியில் குத்தி நிறுத்திவிட்டு நான்கு இலக்கங்களை வாசித்தாள். அடுத்தது ரேஷன் கடையில் பாமாயில் வாங்கியாகிவிட்டது என்ற செய்தி. மூன்றாவது அத்தாவின் வங்கியிலிருந்து வந்தது.

கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் சந்தில் இருந்த அந்த இரண்டு அறை வீட்டில் எல்லாவற்றுக்கும் அவள் எண்தான். அத்தா அப்துல் கரீம் தி. நகரில் ஒரு பெரிய ஜவுளிக் கடையில் பட்டுப்புடவைப் பிரிவில் விற்பனையாளர். காலையில் உள்ளே நுழையும்போதே கைபேசியை வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடுவார்கள். கடை மூடும்போதுதான் திரும்பக் கிடைக்கும். அம்மா அஃப்சருன்னிசாவுக்கு அழைப்பை எடுக்கத் தெரியும், செய்தியைப் படிக்கத் தெரியாது. தம்பி ஃபராஸின் கைபேசியை, அவன் பிளஸ் டூவில் தோற்ற அன்றே அத்தா பிடுங்கி விற்றுவிட்டார். ஆகவே எந்தப் படிவம் எண் கேட்டாலும் அப்துல் கரீம் யோசிக்காமல் மகளின் எண்ணை எழுதுவார். அவள்தானே வீட்டிலேயே இருக்கிறாள் என்பார்.

அவளை வீட்டிலேயே இருக்க வைத்தவரும் அவர்தான்.

நான்கு வருடத்துக்கு முன் இஃப்ரா பிளஸ் டூவில் அறுநூறுக்கு ஐந்நூற்று ஐம்பத்திரண்டு எடுத்தாள். பள்ளித் தோழியோடு உட்கார்ந்து அரசுக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டாள். அப்போது கொடுத்தது அத்தாவின் எண். ஒரு வெள்ளிக்கிழமை, அவருக்கு வார விடுமுறை நாள், கல்லூரியிலிருந்து அழைத்தார்கள். கணிதத்தில் இடம் இருக்கிறது, பெண் வருகிறாளா என்று கேட்டார்கள். அவள் எதிரிலேயே அவர், "வேணாம் சார், வீட்ல வேற ஏற்பாடு இருக்கு," என்று மரியாதையாகச் சொல்லிப் போனை வைத்தார். பிறகு டீ கேட்டார். அவள் டீ போட்டுக் கொடுத்தாள். வேறு ஏற்பாடு என்பது கல்யாணம். இரண்டு இடத்திலிருந்து வந்து பார்த்தார்கள், இரண்டும் அமையவில்லை. அதற்குள் அவள் ஆரி எம்பிராய்டரி வேலை கற்றுக்கொண்டு, தி. நகர் தையல் கடைகளுக்குக் கல்யாண ரவிக்கை தைத்துக் கொடுக்க ஆரம்பித்திருந்தாள். அந்த ஏற்பாடு அப்படியே நின்றது.

ஃபராஸின் கதை வேறு. அவன் வணிகக் கணிதத்தில் தோற்றான். ஜூலையில் மறுபடி எழுதி மறுபடி தோற்றான். ஒரு வருடம் லஸ் கார்னரில் ஜவஹரின் செல்போன் பழுது பார்க்கும் கடையில் திருகாணி பொறுக்கிக்கொண்டிருந்தான். அத்தா அவனை விடவில்லை. கே.கே. நகரில் சுவாமிநாதன் என்ற டியூஷன் ஆசிரியரிடம் வாரம் இரண்டு நாள் அனுப்பினார். அங்கே நாற்பது பேர் நடுவில் உட்கார்ந்து எழுதி வந்ததை, பிற்பகல்களில் இஃப்ரா அவனுக்கு மறுபடி சொல்லிக் கொடுத்தாள். ஒரு கையில் ஊசி, மறுகையில் பென்சில். அவன் கவனம் எங்கெங்கோ போகும்.

"இந்தக் கணக்க கண்டுபுடிச்சவன் என்னை மாதிரி பையனைப் பாத்ததே இல்லக்கா," என்பான்.

"பாத்திருந்தா அவனே டியூஷன் எடுத்திருப்பான். போடு."

மூன்று மாதம் இப்படி நடந்தது. இந்த மார்ச்சில் தனித்தேர்வராக எழுதி நூற்றுக்கு நாற்பத்தேழு வாங்கினான். மொத்தம் இருநூற்று எண்பத்து மூன்று. தேறிவிட்டான்.

முடிவு வந்த அன்று வீடு பண்டிகை நாள் மாதிரி ஆகிவிட்டது. அம்மா பக்கத்து வீடுகளுக்கெல்லாம் பாயசம் கொடுத்தாள். அத்தா கடையில் அரை நாள் அனுமதி கேட்டு வாங்கி, இனிப்புப் பெட்டிகளோடு மகனைக் கூட்டிக்கொண்டு கே.கே. நகருக்குப் போனார். சுவாமிநாதன் சாருக்குக் கொடுத்தது போக ஒரு பெட்டி திரும்ப வரும் என்று இஃப்ரா எதிர்பார்த்தாள். இனிப்புக்காக அல்ல. யாராவது ஒருவர், இவளும்தான் சொல்லிக் கொடுத்தாள் என்று ஒரு வரி சொல்வார்கள் என்று நினைத்தாள். சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவள் கண்ணில் பட்டதெல்லாம் குத்தியது. அவனுக்கு வாங்கிய புதுப் பை. முழங்கை வரை மடித்துவிட்டுக் கண்ணாடி முன் நின்று பார்க்கும் நீலச் சட்டை. வாணியம்பாடியில் இருக்கும் சித்தப்பாவிடம் அத்தா, பையன் காலேஜ் போறான் என்று சொல்லும்போது குரலில் ஏறும் கனம். ஐந்நூற்று ஐம்பத்திரண்டுக்கு அந்தக் குரல் எழவே இல்லை. ராத்திரி படுக்கையில் அவள் இரண்டு மதிப்பெண்களையும் திரும்பத் திரும்பக் கழித்துப் பார்ப்பாள். இருநூற்று அறுபத்தொன்பது மிச்சம் வரும். அத்தனை மதிப்பெண் குறைவாக வாங்கியவனுக்குக் கல்லூரி, தனக்கு ரவிக்கை. ஃபராஸ் சிரித்தால் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. அவன் தட்டில் அம்மா வைக்கும் கூடுதல் கறித்துண்டைக்கூட அவள் பார்த்து வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை மாலை, ஃபராஸ் விண்ணப்பித்திருந்த கல்லூரியிலிருந்து செய்தி வந்தது. அவனுக்கு பி.காம். கலந்தாய்வு, வியாழன் காலை ஒன்பதரைக்கு, அசல் சான்றிதழ்களோடு நேரில் வர வேண்டும். இஃப்ரா அதை இரண்டு முறை படித்தாள். அழிக்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. சாப்பிடும்போது சொல்லலாம் என்று நினைத்தாள். சாப்பிடும்போது அத்தா, பி.காம். முடித்தால் தன் கடையிலேயே கணக்குப் பிரிவில் உட்கார வைக்கலாம், நிற்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் வாய் திறக்கவில்லை.

புதன்கிழமை ஃபராஸ் வழக்கம்போலக் கேட்டான்.

"மெசேஜ் எதனா வந்துச்சாக்கா?"

"வந்தா சொல்ல மாட்டேனா?"

அவன் நம்பிவிட்டான். அந்த நம்பிக்கையும் அவளுக்கு ஆத்திரமூட்டியது. கேட்டதும் கிடைக்கும் என்று பழகியவனால்தான் அப்படி நம்ப முடியும் என்று தோன்றியது.

வியாழன் காலை அத்தா கடைக்குப் போனார், ஃபராஸ் ஜவஹர் கடைக்குப் போனான். பத்தரைக்குள் அந்த மூன்று செய்திகளும் வந்தன. பதினொன்றுக்கு நான்காவதாக ஒலித்தது, ஆனால் செய்தி அல்ல, அழைப்பு.

"ஃபராஸ்ங்கறவரோட வீடுங்களா? காலேஜ் ஆபீஸ்லருந்து பேசுறேன், ஆரோக்கியமேரி. மூணு தடவ பேர் கூப்புட்டாச்சு, தம்பி வரலியே."

இஃப்ரா ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினாள்.

"நீங்க யாரும்மா?"

"அக்கா."

"பி.காம்.ல ரெண்டு சீட்டுதான் மிச்சம். பின்னாடி முப்பது பேர் நிக்கிறாங்க. தம்பிக்கு வேணுமா, வேணாமா? வேணாம்னா சொல்லிடுங்க, அடுத்தவங்களக் கூப்புடுறேன்."

"வேணாம் மேடம்," என்றாள் இஃப்ரா. "வீட்ல வேற ஏற்பாடு இருக்கு."

அந்த அம்மாள் சரி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். சமையலறையிலிருந்து அம்மா யார் என்று கேட்டதற்கு, ராங் நம்பர் என்றாள்.

ஊசியை எடுத்தாள். தைத்தாள். நாலு இலை தைத்த பிறகு இழை தப்பாகப் போயிருப்பது தெரிந்தது. பிரித்தாள். மறுபடி தைத்தாள், மறுபடி தப்பு. தன்னிடமிருந்து வந்த அந்த வாக்கியம் காதைவிட்டுப் போகவில்லை. தணிந்த, மரியாதையான, சிறிதும் தயங்காத குரல். அத்தாவின் குரல் அது. நான்கு வருடமாக அவள் வெறுத்துக்கொண்டிருந்த குரல், ஒரு சொல் மாறாமல் அவள் வாயிலிருந்தே வந்திருக்கிறது.

இரண்டு நாளாக அவள் ஒரு நிம்மதியை எதிர்பார்த்துக் காத்திருந்தாள். அவனுக்கு இல்லை என்று ஆனதும் அது வரும் என்று நினைத்தாள். இருபது நிமிடம் ஆயிற்று, வரவில்லை. சீட்டு அவனிடமிருந்து போனது, ஆனால் இவளிடம் வந்து சேரவில்லை. நேற்றைப் போலவே இன்றும் அவள் முன்னால் யாரோ ஒருத்தியின் கல்யாண ரவிக்கைதான் விரிந்து கிடந்தது.

எழுந்தாள். பீரோவைத் திறந்து தம்பியின் சான்றிதழ் உறையை எடுத்தாள். அம்மா கேட்பதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு சந்து முனையைத் தாண்டிவிட்டாள். லஸ் கார்னர் வரை ஓட்டமும் நடையுமாகப் போனாள். ஃபராஸ் ஒரு கைபேசியின் முதுகைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"இன்னாக்கா, வீட்ல எதனா ஆச்சா?"

"கவுன்சலிங் இன்னிக்கு. கெளம்பு."

"இன்னிக்கா? எப்ப சொன்னாங்க?"

"கெளம்புடா."

ஜவஹர் கடைக்கு வெளியே வந்து ஆட்டோவை நிறுத்திக் கொடுத்தான். ஆட்டோ மந்தைவெளியைத் தாண்டி அடையாறு பாலம் ஏறியது. ஃபராஸ் உறையைத் திறந்து மாற்றுச் சான்றிதழ் இருக்கிறதா, சாதிச் சான்றிதழ் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தான். நீலச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கலாம் என்று சொன்னான்.

கல்லூரி வராந்தாவில் கூட்டம் குறைந்திருந்தது. மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு பெண் பட்டியலில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். ஆரோக்கியமேரி அவர்தான். ஃபராஸ் பெயரைச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார்.

"உனக்குதான்ப்பா போன் போட்டேன். வேணாம்னு சொல்லிட்டாங்களே உங்க அக்கா."

ஃபராஸ், வேறு யாரையோ சொல்கிறீர்கள் என்றான். அவர் பட்டியலைத் திருப்பிக் காட்டினார். அவன் பெயருக்கு நேராகச் சிவப்பு மையில் 'விருப்பமில்லை' என்று எழுதியிருந்தது.

"நான்தான் சொன்னேன்," என்றாள் இஃப்ரா.

ஆரோக்கியமேரி இருவரையும் பார்த்தார். திட்டவில்லை. "வர்றான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, பன்னெண்டு மணி வரைக்கும் எழுதாம வச்சிருப்பேனேம்மா. இப்ப பி.காம். முடிஞ்சிடுச்சு. சாயந்தரம் எல்லா டிபார்ட்மென்டும் முடிச்சப்புறம் எதாவது மிஞ்சினா கூப்புடுறேன். மிஞ்சும்னு சொல்ல முடியாது," என்றார்.

ஃபராஸ் வெளியே போய் சைக்கிள் நிறுத்தும் கொட்டகையின் ஓரத்தில் உட்கார்ந்தான். இஃப்ரா பக்கத்தில் போனதும் எழுந்து எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தான். ஒரு மணி நேரம் அப்படியே இருந்தார்கள். பிறகு அவன்தான் கேட்டான்.

"மெசேஜ் எப்ப வந்துச்சு?"

"செவ்வாக்கெழம."

"ரெண்டு நாளா வச்சிக்கினு இருந்தியா? நான் கேட்டப்பக்கூட?"

"ஆமா."

"ஏன்க்கா?"

அவளுக்குப் பொய் சொல்ல நேரம் இருந்தது. மறந்துவிட்டேன் என்றால்கூட அவன் நம்பியிருப்பான்.

"பொறாம," என்றாள்.

"என் மேலயா? என் மார்க்கப் பாத்தப்புறமுமா?" என்றான். அவனையும் மீறிச் சிரிப்பு வந்தது. "ஸ்கூல்ல ஒருத்தன்கூட என்னைப் பாத்துப் பொறாமப்பட்டதில்ல. நீதான் மொத ஆளு."

அவள் சிரிக்கவில்லை. அவன் முகமும் உடனே மாறிவிட்டது. "சிரிச்சதால விட்டுட்டேன்னு நெனைக்காத. ரெண்டு தடவ ஃபெயிலாயி, தெருவுல எல்லாரும் கேட்டு, திருப்பியும் போய் எழுதுனேன். நீதான் சொல்லிக் குடுத்த. சொல்லிக் குடுத்த நீயே புடுங்கிட்டியே. உனக்குக் கெடைக்கலன்னா அத்தாகிட்ட கேளு. நானா உன்ன நிறுத்துனேன்?"

நான்கு வருடம் அவள் சேர்த்து வைத்த கோபம் முழுவதும் நியாயமானதுதான். அதை அவள் எடுத்துப் போட்ட இடம்தான் தப்பு. பொறாமைக்கு அநியாயம் செய்தவரை நிமிர்ந்து பார்க்கப் பயம். ஆகவே கைக்கு எட்டுகிற ஆளைப் பிடித்துக் கடிக்கிறது. அவளுக்கு எட்டியவன் தம்பி.

நாலரை மணிக்கு ஆரோக்கியமேரி வராந்தாவிலிருந்து கையசைத்தார். வரலாற்றில் ஓர் இடம், யாரோ ஒருவர் வேறு கல்லூரிக்குப் போனதால் காலியானது. ஃபராஸ் வரலாறு எடுப்பான் என்று அவனே நினைத்ததில்லை. ஆனால் தலையை ஆட்டினான். கையெழுத்துப் போட்டான். திரும்பும் வழியில் பேருந்தில் அவன் முன்னால் நின்றான், அவள் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அத்தாவுக்கு அன்றிரவு பாதிதான் தெரிந்தது. சீட்டு கிடைத்தது, வரலாறு என்று மட்டும் ஃபராஸ் சொன்னான். மறுநாள் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடித்து வந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அவர் ஆரம்பித்தார். பி.காம். ஏன் கிடைக்கவில்லை, எத்தனை மணிக்குப் போனாய், செல்போன் கடையில் உட்கார்ந்து நேரத்தைக் கோட்டை விட்டாயா என்று மகனைக் குடைந்தார். வரலாறு படித்து எந்த ராஜாவிடம் வேலை கேட்கப் போகிறாய் என்றார். ஃபராஸ் தட்டைப் பார்த்துக்கொண்டு, மெசேஜ் தாமதமாக வந்தது என்று சொன்னான். அக்காவின் பக்கம் திரும்பவில்லை.

அத்தோடு முடிந்திருக்கும். இஃப்ரா முடிய விடவில்லை.

"லேட்டா வரல. செவ்வாக்கெழமயே வந்துச்சு. நான்தான் சொல்லல. காலேஜ்லருந்து ஒரு மேடம் போன் பண்ணாங்க. வேணாம்னு சொன்னேன்."

அம்மாவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. அப்துல் கரீம் முதலில் புரியாமல் பார்த்தார், பிறகு எழுந்தார். பெற்ற வீட்டுக்கே குழி பறிக்கிறவளா நீ, கூடப் பிறந்தவன் மேல் இத்தனை வயிற்றெரிச்சலா என்று சத்தம் போட்டார். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து அசையவில்லை.

"ஆமாத்தா, வயித்தெரிச்சல்தான். நான் செஞ்சது தப்பு. ஃபராஸ்கிட்ட மன்னிப்பு கேக்கணும், கேப்பேன். ஆனா நான் என்ன சொன்னேன்னு கேளுங்க. வேணாம், வீட்ல வேற ஏற்பாடு இருக்குன்னு சொன்னேன். எங்கேயோ கேட்ட மாதிரி இல்ல?"

அவருக்கு நினைவிருந்தது என்பது முகத்தில் தெரிந்தது.

"நான் உன் நல்லதுக்குச் சொன்னேன்," என்றார், குரல் தணிந்து.

"நான் கெட்டதுக்குச் சொன்னேன். ஆனா அந்தப் பக்கம் எழுதுறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான். பேருக்கு நேரா 'விருப்பமில்லை'ன்னு எழுதிடறாங்க. எனக்கு விருப்பம் இருந்துச்சு. அவனுக்கும் இருந்துச்சு. ஒருத்தரோட படிப்ப வேணுமா வேணாமான்னு கேட்டா, படிக்கிறவங்கதான் பதில் சொல்லணும். அப்பனும் சொல்லக் கூடாது, அக்காவும் சொல்லக் கூடாது. நீங்க எனக்கு மூடுன கதவ நான் அவனுக்கு மூடிப் பாத்தேன். எனக்கு எதுவும் தொறக்கல."

அஃப்சருன்னிசா, அவள் சொல்வதில் என்ன தவறு என்று யாரையும் பார்க்காமல் மெதுவாகச் சொன்னாள். அந்த வீட்டில் அவள் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை.

அப்துல் கரீம் உட்கார்ந்தார். முப்பது வருடம் நாள் முழுக்க நின்று பழகிய கால்கள், உட்காரும்போது எப்போதும் போல் முனகின. சோற்றைப் பிசைந்தார், சாப்பிடவில்லை. பிறகு கேட்டார்.

"இத்தன வருஷம் கழிச்சு, உன்னல்லாம் சேத்துக்குவாங்களா?"

"தெரியாது. கேட்டுப் பாக்கணும்."

"நான் வேணா போய் அந்த மேடம்கிட்ட பேசட்டுமா?"

"வேணாம்த்தா," என்றாள் இஃப்ரா. "நானே கேட்டுக்கறேன்."